இதுல தெளிவா, அதுல தெளிவா?

...அதான் சொல்றேன்ங்க, மூஞ்சியப் பாத்து மனுஷன எடை போடவே கூடாது. முதுகப் பாக்கணும்! மூஞ்சி இருக்கே, அது நம்மளப் பாத்ததும் தயாராயிடும். சிரிக்கணும்னா சிரிக்கும், குழையணும்னா குழையும். முதுகுக்கு நடிக்கத் தெரியாது. ஒருத்தனோட லட்சணம் பூரா பின்னாடிதான் இருக்கு... இருங்க, தாடைய இந்தக் கண்ணு பாக்கற மெஷின்ல வைங்க. இன்னும் கொஞ்சம் முன்னாடி. நெத்தி அந்தப் பட்டையில படணும். ஆங், அப்படியே இருங்க. அசையாதீங்க. பேசவும் கூடாது. பேசினா தாடை ஆடும், தாடை ஆடினா கண்ணு ஆடும். நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்.

என்னது? ஸ்க்ரூவா? தெரியும்ங்க, ஸ்க்ரூ முடுக்கத்தான் வந்தீங்க. உங்க கண்ணாடி பத்திரமா அந்தத் தட்டுல இருக்கு, எங்கயும் ஓடிடாது. ஆனா ஸ்க்ரூ கழண்டா என்ன அர்த்தம்? அடிக்கடி கழட்டிக் கழட்டி மாட்டுறீங்கன்னு அர்த்தம். ஏன் கழட்டி மாட்டுறீங்க? பவர் ஒத்து வரல! பாத்தீங்களா? நீங்க வாயே தெறக்கல, நான் கண்டுபிடிச்சுட்டேன். தவிர, ஸ்க்ரூ முடுக்குறவன் இன்னிக்குக் கடையில இல்ல. அவனத்தானே நேத்து வெளிய அனுப்பினேன்! அந்தக் கதையத்தான் சொல்லிட்டிருக்கேன், நீங்க நடுவுல ஸ்க்ரூ ஸ்க்ரூங்கறீங்க.

என் மச்சினன்ங்க. வீட்டுக்காரியோட தம்பி. லென்ஸ் தேய்ச்சு ஃப்ரேம்ல மாட்டுற வேலை அவனோடது. கண்ணு பாக்குறது, ஆளுங்ககிட்ட பேசுறது, கடைக்கு ஒரு களை குடுக்குறது, இதெல்லாம் நானு. ரெண்டு பேருக்கும் வெள்ளைக் கோட்டு. ஆனா பாத்த ஒடனே யாரு முதலாளின்னு தெரிஞ்சுடும். எப்படிங்கறீங்களா? முடி! இந்தா பாருங்க, என் நெத்தியப் பாருங்க. இல்ல இல்ல, நீங்க அசையாதீங்க, நானே முன்னாடி வரேன். பாத்தீங்களா? இந்த வயசுல யாருக்கு இருக்கு இப்படி? காலையில ஒரு சீப்பு வச்சு முன்னாடி ஒரு இழுப்பு இழுத்தேன்னா சாயந்தரம் வரைக்கும் அப்படியே நிக்கும். அவனுக்கு என்னைய விட வயசு எவ்வளவோ கம்மி. நெத்தி இங்க ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டிருக்கு. "டேய், மூஞ்சி கழுவறப்ப எதுவரைக்கும்டா கழுவுவ?"ன்னு கேப்பேன். வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க. அவனும் சிரிப்பான். கோவமே வராது. அப்ப எனக்குப் புரியல, அழுத்தக்காரன்னு.

சரி, தாடைய எடுத்துக்கலாம். அந்த நாக்காலியில உக்காருங்க. இந்தச் சட்டத்த மூக்குல மாட்டுறேன்... கனமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. இதுல ஒவ்வொரு லென்ஸா போடுவேன், நீங்க எதிர்ல கண்ணாடியில தெரியற எழுத்தச் சொல்லுங்க. எழுத்துப் பலகை உங்க தலைக்குப் பின்னாடி தொங்குது. ரூம் சின்னதில்லையா, அதனால பலகைய பின்னாடி மாட்டி, எதிர்ச் செவத்துல கண்ணாடி வச்சிருக்கேன். பலகையில எழுத்தெல்லாம் இடவலம் மாறி எழுதியிருக்கும், கண்ணாடியில பாத்தா நேரா வந்துடும். என் யோசனைதான். எங்க, படிங்க.

ம். அடுத்தது... 'ப'வா? அது 'ட'ங்க. நல்லாப் பாருங்க. பரவால்ல, கண்ணு தளர்ந்து போச்சு. இதுல தெளிவா... இல்ல, அதுல தெளிவா? ரெண்டும் ஒண்ணுங்கறீங்களா? ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்!

கேமரா கதைக்கு வரேன். கடையில ஃப்ரேம் எல்லாம் எடம் மாறிக் கெடந்துச்சுங்க. அடுக்கி வச்சுட்டு உள்ள போவேன், திரும்பி வந்தா ஆம்பளை ஃப்ரேம் பொம்பளை வரிசையில நிக்கும். விக்கற சரக்குல விரல் ரேகை. யாருடா இந்த வேலையப் பாக்குறதுன்னு கண்டுபிடிக்க கேமரா வாங்கினேன். வாசல் பக்கமா மாட்டலாம் மாமான்னு மச்சினன் சொன்னான். நான் சொன்னேன், வாசல்ல மாட்டினா எல்லாரும் அதப் பாத்துட்டு ஒழுங்கா நடந்துப்பாங்கடா. பின்னாடி மூலையில, ஒசரத்துல மாட்டு. யாருக்கும் தெரியாம முதுகப் பாக்கணும்! எப்படி? பெருமைக்குச் சொல்லல, போலீஸுக்குக்கூட வராதுங்க இந்த யோசனை.

மாட்டினான். என் போன்லயும் பாக்கலாம், வீட்டுக்காரி போன்லயும் பாக்கலாம். சத்தம் வராது, படம் மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, நல்லாத் தெரியுது. நேரம்தான் கன்னாபின்னான்னு காட்டும், காலையில எடுத்ததுக்கு ராத்திரின்னு போடும். அதுவும் அவன் சரி பண்ணாம விட்டதுதான்.

ஐயோ, என்னத்தங்க சொல்றது! பாக்கப் பாக்க எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. பின்மண்டையில சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வழுக்கை. வெள்ளைக் கோட்டு. ஒரு தோள் எறங்கி, கழுத்த உள்ள இழுத்துக்கிட்டு, தப்பு பண்ணப் போறவன் நடக்கற நடை. யாராயிருக்கும், சொல்லுங்க? கடையில ரெண்டே வெள்ளைக் கோட்டு. அதுல ஒருத்தன் வழுக்கை. கணக்கு முடிஞ்சுதா?

என்ன பண்றான் தெரியுமா? ஸ்டாண்டுல இருந்து ஒரு ஃப்ரேம எடுக்குறான். மூஞ்சியில மாட்டுறான். கண்ணாடிக்கு முன்னாடி நிக்குறான். இப்படித் திரும்புறான், அப்படித் திரும்புறான். தாடையத் தூக்குறான். கல்யாண மாப்பிள்ளைன்னு நெனப்பு! அதக் கழட்டி எங்கயோ சொருகிட்டு அடுத்தத எடுக்குறான். பொம்பளைங்க போடற ஃப்ரேம்ங்க, ஓரத்துல கல்லு வச்சது, அதையும் விடல. கொஞ்ச நேரம் கழிச்சு நாக்காலியில உக்காந்து பேப்பர விரிக்கிறான். நானும் படிக்கிறான்னுதான் நெனச்சேன். பேப்பர் மெதுவா எறங்குது... எறங்குது... தலை ஒரு பக்கமா சாயுது. அப்படியே அந்த வழுக்கையில லைட்டு பட்டு மின்னுது!

'ம'. சரி. அடுத்தது? கரெக்ட்டு. இப்ப எடது கண்ணு. இதுல தெளிவா... அதுல தெளிவா?

இது கூடப் பரவால்லைங்க. வர்றவங்கள அவன் படுத்தற பாடு! ஒருத்தர் கெளம்பறார். கண்ணாடி வாங்கியாச்சு, பை கையில இருக்கு. இவன் அவரக் கதவோட ஒட்ட நிறுத்தி, கேமராவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, கதவுல கைய ஊணி நிக்கிறான். பேசுறான், பேசுறான், அப்படிப் பேசுறான். அவர் எடது பக்கமா நகர்றார், இவனும் நகர்றான். அவர் கடிகாரத்தப் பாக்குறார், இவன் அவர் தோள்ல கைய வைக்கிறான். சத்தம் வரலைன்னாலும் அந்த மனுஷன் தவிக்கிற தவிப்பு தெரியுதுங்க எனக்கு! பாவம், எதுக்கு வந்தோம்னு நெனச்சிருப்பார். நீங்களே சொல்லுங்க, ஒரு கடைக்கு வர்றவன் நிம்மதியா போக வேணாமா?

எழுந்திரிக்காதீங்க, இன்னும் முடியல.

அப்புறம் எதிர் மூலையில, தேய்க்கிற மெஷினுக்கு முன்னாடி இன்னொருத்தன். அவனும் வெள்ளைக் கோட்டு. பின்னாடி நல்ல அடர்த்தியான முடி. வச்ச கண்ணு வாங்காம வேலை பாக்குறான். லென்ஸத் தேய்க்கிறான், வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறான், மறுபடி தேய்க்கிறான். டீ ஆறிப் போய்க் கெடக்கு பக்கத்துல, தொடல. எனக்கே பாவமாப் போச்சு. "பாத்தியாடி, நான் எப்படி மாடா ஒழைக்கிறேன்னு!" அப்படின்னு வீட்டுக்காரிகிட்ட காட்டினேன். ஆமாங்க, நான்தான் அது. அடர்த்தியான முடின்னா வேற யாரு? நானும் எப்பவாவது மெஷின்ல உக்காருவேன்ல? உக்காந்ததா எனக்கு ஞாபகம் இல்லதான். நாம செய்யறத எல்லாம் மனசுல வச்சுக்கற ஆளு இல்லைங்க நானு.

இதுல கொடுமை என்னன்னா, அந்த வழுக்கை எழுந்து வந்து என்னையே கைய நீட்டித் திட்டுறான்! விரல ஆட்டி ஆட்டி! வர்றவங்க நிக்கிறாங்க, சுத்திப் பாக்குறாங்க, வெக்கமே இல்லாம எல்லார் முன்னாடியும். நான் குனிஞ்ச தல நிமிரல. ஒடஞ்சு போயிட்டேன்ங்க அதப் பாத்து. இவ்வளவு பொறுமையா இருந்திருக்கோமேன்னு என் மேலயே எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு. இன்னொருத்தன் தலையில ஏறி மிதிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல?

வீட்டுக்காரி பூராத்தையும் பாத்தா. மறுபடி போடுங்கன்னா. போட்டேன். "இது யாரு?"ன்னு வழுக்கையக் காட்டிக் கேட்டா. உன் தம்பின்னேன். "இது?"ன்னு மூலையக் காட்டினா. நான்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தா பாருங்க. "கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க"ங்கறா. போட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்! பொறந்த வீட்டுப் பாசம்ங்க. தம்பின்னு வந்துட்டா கண்ணு மறைச்சுடும் பொம்பளைங்களுக்கு.

நேத்து அவனக் கூப்பிட்டேன். கடை நெறைய ஆளு. வேணும்னேதான் அப்பக் கூப்பிட்டேன், நாலு பேருக்குத் தெரியட்டும்னு. போன அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இது யாருடா?"ன்னேன். பாத்தான். பாத்துட்டு என்னைப் பாத்தான். சுத்தி இருந்தவங்களப் பாத்தான். வாயே தெறக்கலைங்க! "சொல்லுடா, இந்தச் சோம்பேறி யாரு? வர்றவங்கள அறுக்கறவன் யாரு? வேலை செய்யறவன நாய் மாதிரி திட்டுறவன் யாரு?" ம்ஹூம். குத்தமுள்ளவன் எப்படிப் பேசுவான்? "இனிமே இந்தக் கடைப் படி ஏறாத"ன்னுட்டேன். கோட்டக் கழட்டினான். மடிச்சு வச்சான். பாதி தேய்ச்ச லென்ஸ் மேல தூசி படாம ஒரு துணியப் போட்டு மூடினான். போயிட்டான். எதிர்த்த வரிசையில இன்னொரு கண்ணாடிக் கடை இருக்குல்ல, அந்த ஆளு ரொம்ப நாளா இவனுக்கு வலை விரிச்சுக்கிட்டு இருக்கான். இந்நேரம் அங்க சேந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீட்டுக்காரியும் காலையில பெட்டியத் தூக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டா. போறப்ப வாசல்ல நின்னு சொல்றா, "உங்களுக்கு எப்பக் கண்ணு தெரியுதோ, அப்ப வந்து கூப்பிடுங்க"ன்னு. எனக்குக் கண்ணு தெரியலையாம்! ஊருக்கே கண்ணு பாக்கறவனுக்கு! சிரிப்பா இருக்குல்ல? ...சிரிப்பா இல்லைங்க. வீடு மழை பேஞ்சு ஓஞ்ச மாதிரி கெடக்கு. காலையில டீ போட்டுக் குடிச்சேன், வாயில வைக்க முடியல. அவ இல்லாம எனக்கு ஒரு வேலையும் ஓடாதுங்க. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அவ தம்பிய நான் சேத்துக்கணும், இல்லன்னா அவ வர மாட்டா. ஆனா தப்பு பண்ணவன நான் எப்படிங்க சேத்துக்கறது? நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

இதுல தெளிவா... அதுல... அட, லென்ஸ் விழுந்துடுச்சு. காலத் தூக்காதீங்க, மிதிச்சுடப் போறீங்க. எங்க போச்சு... நாக்காலிக்கு அடியில... இருங்க, குனிஞ்சு எடுத்துக்கறேன்... ஆங், சிக்கிடுச்சு.

என்னங்க சிரிக்கிறீங்க? சட்டம் மூக்குல கூசுதா? ...இல்ல? பின்ன என்ன? ஓ, வீடியோவா? உங்களுக்கும் பாக்கணும்போல இருக்கா? பாருங்க பாருங்க, இந்தாங்க என் போனப் புடிங்க, அதுலயே வச்சிருக்கேன். இதான்... கதவுகிட்ட நிக்கிறான் பாருங்க. இந்தா மின்னுது பாருங்க, இதான் அவன். பாக்கச் சகிக்கல இல்ல? ...ஏங்க, வீடியோவப் பாக்கச் சொன்னா என்னையப் பாக்குறீங்க?

எனக்கா? எனக்கு எங்கங்க வழுக்கை! கண்ணத் தெறந்து பாருங்க, இந்த நெத்திய... நான் மாசா மாசம் சலூனுக்குப் போறவன். வெட்டி முடிச்சதும் அவன் பின்னாடி சின்னக் கண்ணாடி புடிச்சுக் காட்டுவான்ல, நான் நல்லாப் பாத்து, சரின்னு சொல்லிட்டுத்தான் எழுந்திரிப்பேன். என் கண்ணாடியக் கழட்டி வச்சிருப்பேன்தான். முடி வெட்டறப்ப யாருங்க கண்ணாடி போடுவா? கொஞ்சம் மங்கலாத் தெரியும். கறுப்பாத்தான் தெரியும். சுத்தி கறுப்பா... நடுவுல அவன் சலூன் லைட்டு விழும்.

எதுக்கு எழுந்திரிச்சிட்டீங்க? அந்தக் கைக்கண்ணாடி எதுக்கு? ஃப்ரேம் போட்டுப் பாக்கவா? என் பின்னாடி எதுக்குங்க புடிக்கிறீங்க, சலூன்காரன் மாதிரி... சரி சரி, நல்லாருக்கு, நல்லா...

இருங்க.

எதிர்ச் செவத்துக் கண்ணாடியில சரியாத் தெரியல, கொஞ்சம் கீழ எறக்குங்க. இல்ல, அந்தப் பக்கம்... ஆங். அப்படியே.

யாருதுங்க இது?

நான் தலைய ஆட்டினா இதுவும் ஆடுது... கைய வச்சா... ஐயய்யோ. வழவழன்னு இருக்கு. எண்ணெய் தேய்க்கறப்ப கைக்குத் தெரியாமயா போச்சு? தெரிஞ்சிருக்கும். எண்ணெய்னு நெனச்சிருப்பேன். தோளும் எறங்கித்தாங்க இருக்கு. எப்ப எறங்குச்சு இந்தத் தோளு?

சரி. சரிங்க, நானாவே இருக்கட்டும். அதனால என்ன? ஃப்ரேம் போட்டுப் பாத்தது... அது சரக்குங்க! விக்கறவன் போட்டுப் பாக்காம வேற யாரு பாப்பா? கல்லு வச்சது கனமா இருக்கான்னு பாக்க வேணாமா? நாக்காலியில உக்காந்து தூங்கினானே... தூங்கினேனே... அது தூக்கம் இல்லைங்க, நாள் பூரா அடுத்தவங்க கண்ணப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு எரியும், கொஞ்சம் மூடிக்கிட்டு இருப்பேன். கதவுகிட்ட பேசினது பிரியத்துலங்க! வாங்கிட்டாங்க, போங்கன்னு தொரத்தவா முடியும்? அவர் தவிச்சாரா? தவிக்கலைங்க, சந்தோஷத்துல நெளிஞ்சாரு. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குங்க. பின்னாடி இருந்து பாக்கறவனுக்கு அது எங்க தெரியுது?

திட்டினது... அது வேலை கத்துக் குடுக்கறது. கொஞ்சம் விரல ஆட்டித்தான்...

அப்ப மூலையில இருந்தது?

ஆறிப்போன டீ. குனிஞ்ச தலை. பின்னாடிப் பூரா முடி. அவனுக்கு முன்னாடிதான் இல்ல, பின்னாடி இருக்கு. எனக்கு முன்னாடிதான் இருக்கு. இத்தன வருஷமா மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கிட்டே இருந்திருக்கோம். அப்ப அந்த மாடா ஒழைச்சது... நான்னு சொல்லி வீட்டுக்காரிகிட்ட பெருமை பேசினேனேங்க. அவ தம்பியக் காட்டி, இது நான்னு.

அவனுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல? நேத்து போன நீட்டினப்பவே. கடை நெறைய ஆளு. "மாமா, அது நீங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் அந்த எடத்துலயே செத்திருப்பேன். சுத்தி இருந்தவங்களப் பாத்தானே, எதுக்குப் பாத்தான்னு இப்பத்தாங்க புரியுது. என் மானத்துக்குக் காவல் நின்னுட்டு, திட்ட வாங்கிக்கிட்டு, கோட்ட மடிச்சு வச்சுட்டுப் போயிருக்கான். நான் அவன அழுத்தக்காரன்னேன்.

போன் போட்டா எடுக்க மாட்டான். வீட்டுக்காரியும் எடுக்க மாட்டா, காலையிலருந்து எத்தனையோ தடவை அடிச்சுப் பாத்துட்டேன். ஆனா கேமராவ மட்டும் பாத்துக்கிட்டே இருப்பா. எனக்குத் தெரியும் அவள. கோவிச்சுக்கிட்டுப் போனாலும் நான் சாப்பிட்டேனா, கடையத் தெறந்தேனான்னு பாக்காம இருக்க மாட்டா. நீங்க இங்கயே உக்காருங்க, நான் கடைப் பக்கம் போய் கேமராவுக்கு முன்னாடி நிக்கிறேன். என்ன சொன்னாலும் கேக்காது, சத்தம் வராதே. அதுவும் நல்லதுதான். நான் பேச ஆரம்பிச்சா ஒரு சாக்குல இருந்து இன்னொரு சாக்குக்குப் போயிடுவேன், நீங்கதான் பாத்தீங்களே.

இங்கருந்து கேக்குதாங்க? கேமராவுக்கு நேரா நிக்கிறேன். முதுகக் காட்டித் திரும்பிட்டேன். இப்ப தலையக் குனியறேன். விரல வச்சுக் காட்டறேன். இந்த எடம். இந்தா, நடுவுல. பாரும்மா. நல்லாப் பாரு. மின்னுதா?

...கழுத்து வலிக்குதுங்க. எவ்வளவு நேரம் குனிஞ்சே நிக்கிறது? பைத்தியக்காரன்னு நெனப்பாங்க ரோட்டுல போறவங்க. நெனச்சுக்கட்டும். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு...

போன் அடிக்குது! உள்ள ரூம்ல அடிக்குது! என் போன் உங்க கையிலதானேங்க இருக்கு, யாருன்னு பாருங்க! ஏங்க? ...ஏங்க! நான் பாட்டுக்கு இங்க யார்கிட்டப் பேசிட்டு இருக்கேன்? நாக்காலி காலியா கெடக்கு. போன நாக்காலி மேல வச்சுட்டு, கொல்லைக் கதவு வழியாப் போயிட்டாரே மனுஷன்! மூக்குல என் சட்டத்தோட போயிருக்காரு. அவர் கண்ணாடி இங்கயே இருக்கு, ஸ்க்ரூ இல்லாம. அந்தச் சட்டத்துல ரோடு எப்படித் தெரியுமோ. கடைசியா எந்த லென்ஸ் தெளிவா இருந்துச்சுன்னு சொல்லவே இல்ல...

மச்சினன் நம்பர்.

ஹலோ... ஆங்... ஆமா, கடையிலதான். அக்கா பக்கத்துல இருக்காளா? பாத்தாளா? ...நீயும் பாத்தியா? ...நான்தான்டா. இல்லடா, போன்ல பேசறதச் சொல்லல. அதுல இருந்தது. அது நான்தான்.